ஃபங்கை சரி, வைரை ஏன் பிழை?

குளத்தடி:
அவசர உதவி. கிளிநொச்சியில் விவசாயம் படிக்கிறேன், எங்கள் வயலில் எரிபந்தம் என்ற நெல் நோய் வந்ததை வைத்து ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதினேன். ஃபங்கஸ் பன்மையில் ஃபங்கை ஆகும் என்று தெரியும், அதே மாதிரி வைரஸை வைரை என்றும் ஜீனஸை (பேரினம்) ஜீனை என்றும் போட்டேன். இரண்டுக்கும் சிவப்புக் கோடு. 'அஸ்' போய் 'ஐ' வருவதுதானே இலத்தீன் விதி? எங்கே பிழை விட்டேன்? நாளைக்குத் திருத்திக் கொடுக்கவேண்டும்.

ஓய்வு வாத்தி:
தம்பி, கல் கற்கள், சொல் சொற்கள். அதற்காகப் பாலைப் பாற்கள் என்று எழுதுவீரா? வைரஸும் அப்படித்தான். இலத்தீனில் அதற்கு நஞ்சு, பிசுபிசுத்த நீர் என்று பொருள். பாலைப் போல எண்ணிக்கைக்குள் வராத சொல் என்பதால் பழைய இலத்தீன் நூல்களில் அதன் பன்மையே கிடைக்கவில்லை, ஆகவே ஆங்கில முறையில் வைரஸஸ் என்று எழுதும். ஜீனஸ் வேறு கதை. முடிவு ஒன்று போலத் தெரிந்தாலும் அது ஃபங்கஸின் வகுப்பில்லை, உருபு ஏறும்போது அடியே 'ஜெனர்' என்று மாறிவிடும். பன்மை ஜெனரா. கோர்ப்பஸ் கோர்ப்பொரா ஆவதும் இப்படித்தான். ஒக்டோபஸ் கிரேக்கத்திலிருந்து வந்தது, அதற்கும் 'ஐ' பொருந்தாது.

பாலைப்பழம்:
இடையில் ஒரு பஸ் கதை. பஸ் என்பது ஒம்னிபஸின் சுருக்கம், ஒம்னிபஸ் என்றால் இலத்தீனில் 'எல்லாருக்கும்'. அதில் 'பஸ்' வெறும் வேற்றுமை உருபு, நமது 'க்கு' மாதிரி. ஏ9 வீதியில் வெயிலுக்குள் நின்று நாங்கள் மறிப்பது ஒரு 'க்கு'வைத்தான்.

குளத்தடி:
சிரிக்கிற நிலையில் இல்லை அண்ணை. சேர், அப்போ பற்றீரியா? பள்ளிக்கூடத்தில் பற்றீரியாக்கள் என்றுதான் படித்தோம், அறிக்கை முழுக்க 'பக்டீரியாஸ்' என்று எழுதியிருக்கிறேன்.

ஓய்வு வாத்தி:
தமிழில் 'கள்' போடும், குற்றமில்லை, இங்கே வந்த சொல் இங்கத்தைய இலக்கணத்துக்குத்தான் அடங்கும். ஆங்கிலத்தில் பக்டீரியா என்பதே பன்மை, ஒன்று என்றால் பக்டீரியம். அந்த 'ஸ்' எல்லாவற்றையும் வெட்டும். டேட்டாவும் பிறப்பில் பன்மைதான், ஆனால் இப்போது ஆங்கிலேயரே அதைப் பெரும்பாலும் ஒருமையாக்கிப் பேசுகிறார்கள், உமது விரிவுரையாளருக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொள்ளும். குடம்பி லார்வா, பன்மையில் லார்வீ. ஸ்பீஸீஸ் (இனம்) ஒருமைக்கும் பன்மைக்கும் ஒன்றே, கடைசி 'ஸ்'ஸைக் கழற்றி 'ஸ்பீஸீ' என்று மட்டும் எழுதவேண்டாம்.

குளத்தடி:
அது இரண்டு இடத்தில் இருக்கிறது சேர். திருத்திவிட்டு வருகிறேன்.