ஏழு நாள் முகாமும் அரை மதிப்பெண்ணும்: பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டம் தேவையா?

கோவைத் தந்தை:
"நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைதான் கல்லூரிக்குத் தயாரான பிள்ளை" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் தரவரிசை போடுகிறார்கள். அதில் நலப்பணி முகாமில் மண்வெட்டி பிடித்ததற்கு எத்தனை மதிப்பெண்? என் மகள் காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் முகாமுக்குப் போனாள். அந்த ஏழு நாளும் அவளுடைய தோழிகள் வேதியியல் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அரை மதிப்பெண்ணில் அவள் ஆசைப்பட்ட கல்லூரி கைவிட்டுப் போயிற்று. அந்த ஏழு நாளை யார் திருப்பித் தருவார்கள்?

பழைய திட்ட அலுவலர்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். அதில் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன். பதினோரு ஆண்டு முகாம் நடத்தியவன் சொல்கிறேன், முதலில் உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள். முதல் நாள் மாலைதான் தொடக்க விழா. ஏழாம் நாள் மதியம் நிறைவு விழா முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். முழு நாள் என்று பார்த்தால் ஐந்துதான். அதுவும் விடுமுறை நாள். ஐந்து நாளில் அரை மதிப்பெண் போயிற்று என்றால், மீதி விடுமுறையில் என்ன படித்தாள் என்றும் கேட்க வேண்டியிருக்கும்.

கோவைத் தந்தை:
என் மகளைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை, ஐயா. சான்றிதழில் ஏழு நாள் சிறப்பு முகாம் என்றுதான் இருக்கிறது. ஐந்து நாள்தான் நடத்தினீர்கள் என்றால் ஏழு என்று ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?

நெல்லைத் தென்றல்:
நான் இப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஏழோ ஐந்தோ, ஆறு இரவு அந்த ஊர்ப் பள்ளி வகுப்பறையில் ஜமக்காளம் விரித்துப் படுத்தோம். ஒரே குழாய். விடியற்காலை நாலரை மணிக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். கல்லூரி விடுதியில் முதல் வாரம் என் அறையில் இருந்த இரண்டு பேர் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த ஆறு இரவுதான் காரணம் என்று நம்புகிறேன். ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை என்று கணக்கு எழுதினார்கள். அதில் பாதி நேரம் ஆண்டு விழாவுக்கு நாற்காலி தூக்கினோம்.

பழைய திட்ட அலுவலர்:
தங்கையே, நாற்காலி தூக்கவைத்த அலுவலர் செய்தது தவறு. அதற்காகத் திட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். 1969இல், காந்தி நூற்றாண்டில் தொடங்கிய திட்டம் இது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அதற்கு மேல் தனியாகச் சிறப்பு முகாம். என் பதிவேட்டில் ஒரு மணி நேரம்கூடப் பொய் கிடையாது.

கல்லூரிக்குத் தயார் செய்வது என்று நான் எதைச் சொல்கிறேன் என்று கேளுங்கள். ஒரு முகாமில் வீடுவீடாகக் கணக்கெடுக்கப் போனோம். முதல் நாள் ஒரு வாசலில் நான்கு மாணவிகள் ஒருவரையொருவர் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றார்கள். "உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்க ஒருத்திக்கும் வாய் வரவில்லை. நான்காம் நாள், அந்த நால்வரில் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து ஒரு பாட்டிக்கு விதவை உதவித்தொகை மனு எழுதிக்கொண்டிருந்தாள். பிளஸ் 2 முடிந்ததும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு அவளே போனாள். தந்தை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் நின்றால் கூலி போய்விடும். குடும்பத்தார் படிப்பு விவரம் குறைகிறது என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவள் அழவில்லை. கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, விவரத்தைச் சேர்த்து, மறுபடியும் பதிவேற்றினாள். அந்தச் சான்றிதழால்தான் கல்விக் கட்டணச் சலுகை கிடைத்தது. இது எந்தச் சிறப்பு வகுப்பில் வரும்?

கோவைத் தந்தை:
நல்ல கதை. என் கேள்விக்கு இது பதில் இல்லை. ஏழு நாள். அரை மதிப்பெண். விளையாட்டு வீரர்களுக்குக் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு உண்டு. முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு உண்டு. நாட்டு நலப்பணிக்கு உண்டா?

டல்லாஸ் தமிழன்:
இங்கே அமெரிக்காவில் இந்தக் கேள்வியே எழாது. கிவானிஸ் என்ற சேவை அமைப்பின் மாணவர் சங்கமான கீ கிளப் 1925இல் சேக்ரமென்டோவில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. ரோட்டரி சங்கத்தின் மாணவர் சங்கமான இன்டராக்ட் 1962இல் வந்தது. பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பள்ளிக்கு வெளியே செய்ததைக் காட்டப் பத்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என் மகன் உணவு வங்கியில் செய்த வேலையை அதில்தான் எழுதினான். சேவைக்கு மதிப்புக் கொடுத்தால் பிள்ளைகள் தாமாகவே வருவார்கள்.

பழைய திட்ட அலுவலர்:
பத்துக் கட்டம் நிரப்ப வருகிற பிள்ளை பத்துக் கட்டத்தோடு நின்றுவிடும். எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. ஆனாலும் வந்தார்கள். எனக்கு அதில்தான் பெருமை.

டல்லாஸ் தமிழன்:
என் மகன் விண்ணப்பம் அனுப்பிய பிறகும் இரண்டு ஆண்டு அங்கே போய்க்கொண்டிருந்தான். முன்பின் தெரியாத பிள்ளையின் மனத்தை அளக்காதீர்கள். போன ஆண்டு நீட் பயிற்சி விவாதத்திலும் வெளிநாட்டில் இருப்பவன் பேசக் கூடாது என்று என் வாயை அடைத்தீர்கள். நான் மறக்கவில்லை.

பழைய திட்ட அலுவலர்:
அன்று நான் சொன்னதும் சரிதான். அரசுப் பள்ளியில் கால் வைத்துப் பல ஆண்டு ஆனவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு எப்படி நடக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தார்.

கோவைத் தந்தை:
ஒதுக்கீட்டை விடுங்கள். "ஒரு மதிப்பெண்ணும் கிடையாது" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் காலையிலிருந்து சொல்வதும் அதுதான்.

சாரணன்:
முகாம் நாளைப் பற்றிப் பேசுகிறவர்கள் உணவைப் பற்றியும் பேசுங்கள். எங்கள் பள்ளியில் ஒரு முகாம் முழுக்கக் காலையில் உப்புமாதான் போட்டார்கள். ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. சாரணர் முகாமில் நாங்களே சமைப்போம். கணக்கும் நாங்களே எழுதுவோம்.

பழைய திட்ட அலுவலர்:
என் முகாமில் ஒரு நாள்கூட உப்புமா போட்டதில்லை. பொங்கல், இட்லி, ஞாயிறன்று முட்டை. பணம் போதாதபோது என் சம்பளத்திலிருந்து அரிசி வாங்கியிருக்கிறேன். என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

நெல்லைத் தென்றல்:
ஐயா, உங்கள் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. எல்லாப் பள்ளியிலும் உங்களைப் போன்றவர் இல்லை என்றுதான் சொல்கிறோம். நாற்காலி தூக்கிய மணி நேரத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பழைய திட்ட அலுவலர்:
சொன்னேன். தவறு என்று சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

கோவைத் தந்தை:
ஏழு நாள் என்று ஒப்புக்கொண்டால் போதும்.

பழைய திட்ட அலுவலர்:
ஐந்து. முகாம் பதிவேடுகள் பரண் மேல் இருக்கின்றன. நாளைக் காலை இறக்கி, ஒவ்வொரு ஆண்டும் எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எத்தனை மணிக்கு முடித்தோம் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கோவைத் தந்தை:
எழுதுங்கள். என் மகளின் சான்றிதழையும் எடுத்துவைக்கிறேன்.