மறு: 'மார்க்கர்' – சுட்டா, குறியா, தடயமா?

வணக்கம்.

புல்லஸ் பெம்பிகாய்டு என்னும் கொப்புள நோய்க்கான நோயாளர் கையேட்டில் வரும் 'இரத்த அணு மார்க்கர்' (நோய்நிலையை உணர்த்தும் இரத்த அணு அளவு) என்பதற்கு நீங்கள் அனுப்பிய 'அணுச்சுட்டு', 'குறியணு' என்ற இரண்டு சொற்களையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்.

'அணுச்சுட்டு' முதலில் மிகவும் பிடித்திருந்தது. 'அது' என்று சுட்டும்போது பொருளின் பெயரைச் சொல்வதில்லை, எந்தப் பக்கம் என்று மட்டும் காட்டுகிறோம். மார்க்கரும் அவ்வளவுதான் செய்கிறது. ஆனால் இது கொப்புள நோய். 'சுட்டு', 'கொப்புளம்' இரண்டும் ஒரே வரியில் வந்தால் தீப்புண் என்றே படிப்பார்கள். 'குறியணு'வில் சிக்கல் வேறு: அணுவே குறியாகிவிடுகிறது. குறி இருப்பதோ அதன் எண்ணிக்கையில். திருப்பிப் போட்டு 'அணுக்குறி' என்றால் வேதியியல் நினைவுக்கு வருகிறது. ஆகவே 'குருதியணுக்குறி' என்கிறேன். கொஞ்சம் நீளம், ஆனால் படிக்க இடறவில்லை.

இந்த ஒரு சொல் போதுமா என்பதுதான் என் பெரிய கவலை. இந்நோயில் உடலின் எதிர்ப்பொருள்கள் மேல்தோலை அடித்தோலோடு பிணைக்கும் பிபி180, பிபி230 புரதங்களைத் தாக்குகின்றன. தோல் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. அங்கே குவியும் இயோசினோபில்கள் என்ற வெள்ளையணுக்கள் திசுக் காரணி என்ற புரதத்தைத் தாங்கி வருகின்றன. குருதி உறைதலைத் தொடங்கி வைப்பது அந்தக் காரணிதான். எனவே இயோசினோபில் எண்ணிக்கை கூடுவது, உறைவு நேரக்கூடும் என்று முன்கூட்டித் தரும் குறியாக இருக்கலாம்.

டி-டைமர் அப்படியல்ல. ஃபைப்ரின் என்ற புரத இழைகள் பிணைந்து குருதி உறைந்த பின், பிளாஸ்மின் என்ற நொதி அவற்றை அறுத்துப்போட்ட துண்டு அது. இந்நோயாளரின் குருதியில் மட்டுமின்றிக் கொப்புள நீரிலும் மிகுந்து காணப்படுகிறது. சிகிச்சையில் நோய் அடங்கும்போது குறைகிறது. நடந்து முடிந்த ஒன்று விட்டுச்சென்றதை நம் மொழியில் தடயம் என்போம். 'உறைதடயம்' என்று தனியாகவே வைக்கலாம். முதுமை, தொற்று, அறுவை சிகிச்சை இவற்றாலும் அது கூடும் என்பதையும் 'தடயம்' தாங்கிக்கொள்கிறது. தடயம் கிடைத்த மாத்திரத்தில் யாரையும் குற்றவாளி என்று சொல்லிவிடுவதில்லையே.

இன்னொன்றை வற்புறுத்தியே கேட்கிறேன்: குழாய்க்குள் உறைந்த குருதிக்கு 'இரத்தக் கட்டி' என்ற சொல் வேண்டாம். முதல் வரைவை ஒரு நோயாளியின் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்த வரியில் விரலை வைத்து நிறுத்திக்கொண்டு, "அம்மாவுக்குப் புற்றுநோயும் இருக்கா?" என்று கேட்டார். பதில் சொல்லி முடிக்கும் வரை விரலை எடுக்கவில்லை. 'கட்டி' என்றால் அவருக்கு அதுதான் பொருள். 'குருதியுறைவு', காலில் என்றால் 'ஆழ்சிரை உறைவு' என்று எழுதுவோம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்ற வரியும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும் நோய். நடமாட்டமும் குறைந்துவிடுவதால் இந்த அபாயம் இன்னும் கூடுகிறது.

இயோசினோபிலைத் தமிழாக்க வேண்டாம். 1879இல் ஜெர்மானிய மருத்துவர் பால் எர்லிச், இயோசின் சாயத்தை அது ஏற்பதைப் பார்த்து இட்ட பெயர். பரிசோதனைத் தாளிலும் அந்தப் பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதத்தையும் குருதியணுக்குறி என்றே சொல்லலாமா? அது இரண்டு வகை வெள்ளையணுக்களின் கணக்கு என்பதால்தான் தயங்குகிறேன். உங்கள் கருத்து தெரிந்தால் அந்தப் பத்தியை முடித்துவிடுவேன்.