திரையில் நிற்கும் பெரிய ஆர்டர் மெய்யா, பொய்யா? வழிகாட்டுங்கள்

வணக்கம். தேசியப் பங்குச் சந்தையில் நான்கு ஆண்டுகளாகத் தினவணிகம் செய்கிறேன். கடந்த செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன், அனுபவம் உள்ளவர்கள் உதவ வேண்டும்.

நடுத்தர நிறுவனப் பங்கு ஒன்றில், 412 ரூபாய்க்கு 85,000 பங்குகள் வாங்க ஆள் நின்றது. பக்கத்திலேயே ஆர்டர்களின் எண்ணிக்கை வெறும் 2 என்று இருந்தது. அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். இவ்வளவு பெரிய ஆதரவு இருக்கிறதே என்று நம்பி 412.60-க்கு வாங்கினேன். விலை 412.15-ஐத் தொட்டதும் அந்த 85,000 அப்படியே காணாமல் போனது. வர்த்தக அளவு ஏறவே இல்லை. அதாவது யாரும் விற்றுத் தீரவில்லை, ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். சில நிமிடங்களில் விலை 408-க்கு வந்துவிட்டது.

இப்படி ஏமாற்றுபவர்களும் உண்டு. லண்டனில் வீட்டிலிருந்தே வர்த்தகம் செய்த நவிந்தர் சராவ், நிறைவேற்றும் எண்ணமே இல்லாத பெரிய விற்பனை ஆர்டர்களைப் போட்டு ரத்து செய்ததை 2016-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விசாரிப்பவர்களுக்கு முழுப் பதிவும் கிடைக்கும். என் திரையிலோ வாங்கவும் விற்கவும் நிற்கும் ஆர்டர்களில் முதல் ஐந்து விலைகள் மட்டுமே தெரியும்.

மனம் மாறி ரத்து செய்பவர்களும் உண்டு, எல்லோரையும் சந்தேகிக்க எனக்கு விருப்பமில்லை. விலை நெருங்கும்போதெல்லாம் ஆர்டர் பின்வாங்குவதை எத்தனை முறை பார்த்தபின் விலகுவீர்கள்? இருபது விலைகள் காட்டும் வசதி உண்மையில் பயன்படுகிறதா? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் புகார் செய்ய, திரையைப் பதிவு செய்த காணொளி போதுமா?