கேலன் சிரைப் புடைப்பு என்னும் சொல் பொருந்துமா?

அன்புடையீர்,

பச்சிளங்குழந்தைகளுக்கு இதயத் திறனிழப்பை உண்டாக்கும் ‘வெயின் ஆஃப் கேலன் மால்ஃபர்மேஷன்’ என்னும் மூளை இரத்தக்குழாய்க் கோளாற்றுக்குக் ‘கேலன் சிரைப் புடைப்பு’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. சுருக்கமான சொல்தான், ஆயினும் நோயை இரண்டு வகையில் பிறழ உணர்த்துவதால் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

முதலாவது, விரிந்து கிடப்பது மூளையின் ஆழத்திலுள்ள கேலன் சிரையே அன்று. கருவின் தொடக்க வாரங்களில் மூளையின் நடுவே ஓடும் முன்மூளை நடுச்சிரை, ஏறத்தாழ 11ஆம் வாரத்துக்குள் சுருங்கி மறைந்து, அதன் பின்முனை மட்டும் கேலன் சிரையின் பகுதியாக எஞ்ச வேண்டும். அது மறையாமல் நிலைத்து, தமனிகள் நேரே அதற்குள் திறந்துகொள்வதே இந்நோய் என்பதை மருத்துவ ஆய்வாளர் ரேபோவின் குழுவினர் 1989இல் விளக்கினர். ஆயினும் கேலன் என்னும் பெர்கமத்துக் கிரேக்க மருத்துவரின் பெயரை உலக வழக்கும் விட்டுவிடவில்லை. தேடுவோருக்கு உதவும் என்பதால் நாமும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. புடைப்பு என்றதும், சுவர் மெலிந்து எப்போது வெடிக்குமோ என்றிருக்கும் தமனியையே படிப்பவர் நினைப்பார். இங்கே பிறந்த குழந்தையை வீழ்த்துவது வெடிப்பன்று. நுண்குழாய்களைக் கடக்காமலே தமனி இரத்தம் தடையின்றிச் சிரைக்குள் கொட்டுவதுதான். கருப்பையில் இருக்கும்வரை நஞ்சுக்கொடியும் தடை குறைந்த வழியாதலால் இரத்தத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. பிறந்தபின் அந்த வழி அடைபட, நோய் கடுமையாக உள்ள குழந்தைகளில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் 80 விழுக்காடு வரைகூட இந்தக் குறுக்குவழியில் போய், உடலுக்குப் பயன்படாமலே இதயத்துக்குத் திரும்பிவிடுகிறது. கழுத்துத் தமனி துள்ளும். காலிலோ நாடி பிடிபடாது. உச்சிக்குழியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் இரைச்சல் கேட்கலாம். இதயம் விரியும் நேரத்தில் கீழிறங்கு பெருந்தமனியில் இரத்தம் பின்னோக்கி ஓடுவதை எக்கோ காட்டும். இதயத்தின் கட்டமைப்போ பெரும்பாலும் பழுதற்றிருக்கும். மருத்துவர்கள் முதலில் பிறவி இதயநோய் என்று ஐயுறுவது மேற்சொன்ன குறிகளால்தான்.

சிகிச்சையும் இதையே காட்டுகிறது. தொடைத் தமனி அல்லது தொப்புள் தமனி வழியாக நுண்குழலைச் செலுத்தி, தமனிகள் சிரைக்குள் திறக்கும் வாய்களைப் பசையாலோ உலோகச் சுருளாலோ அடைக்கிறார்கள். 2023 மார்ச்சில் பாஸ்டன் மருத்துவர்கள் 34 வாரக் கருவின் மண்டையோட்டு வழியே ஊசி செலுத்திச் சுருள்களை வைத்ததும் அந்தப் பாய்ச்சலைக் குறைப்பதற்கே.

ஆகவே ‘கேலன்பகுதித் தமனி–சிரைப் பிணைவு’ என்று முன்மொழிகிறேன். சற்று நீளம் என்பதை மறுக்கவில்லை. ‘பகுதி’ என்ற சொல் சிரை எது என்ற பிழையைத் தவிர்க்கிறது. ‘பிணைவு’க்கு மாற்றாகப் ‘புரை’ (ஃபிஸ்டுலா) என்பதையும் எண்ணிப் பார்த்தேன். சீழ் வைத்த புண்ணையே அது நினைவூட்டுவதால் வேண்டாம் எனத் தோன்றுகிறது. தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்லும் இலங்கைப் பாடநூல் வழக்கில் இது ‘நாடி–நாளப் பிணைவு’ என்றாகும். தமிழ்நாட்டில் நாளம் எந்த இரத்தக்குழாயையும் குறிப்பதால் இரு வடிவங்களையும் அகராதியில் தனித்தனியே பதிவு செய்தல் நன்று.

இதயநிலைக்கு ‘இதயச் செயலிழப்பு’ வேண்டவே வேண்டாம். இதயம் நின்றுவிட்டது என்றே பெற்றோர் கொள்வர். இங்கே இதயம் இயல்பைவிடப் பன்மடங்கு இரத்தத்தை இறைத்தும் உடலின் தேவையை நிறைவு செய்ய முடியாமல் தளர்கிறது. எனவே ‘மிகைப்பாய்ச்சல் இதயத் திறனிழப்பு’ என்பதே என் தேர்வு. ‘உயர் வெளியேற்ற’ என்ற அடை சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் நோயாளிக் குறிப்பில் எழுதிக்கொடுத்தால் வீட்டார் ஒருவருக்கும் விளங்காது.