போட்டோடயோடு (வெளிச்சம் பட்டா கரன்ட் தர்ற சென்சார்) வச்சு வெளிச்சம் அளந்தவங்க, மனசுல நிக்கிற ஒண்ணைச் சொல்லுங்க

திண்டுக்கல் தம்பி:
2019 டிசம்பர் 26, வளைய கிரகணம், அதாவது நிலா நடுவை மறைச்சு சூரியனோட விளிம்பு மட்டும் வளையமா தெரிஞ்ச நாள். மொட்டை மாடியில பிவிசி குழாய்க்குள்ள பிபிடபிள்யூ34-ங்கிற போட்டோடயோடு, பின்னாடி அதோட கரன்ட்டை வோல்ட்டா மாத்துற ஆப்-ஆம்ப் ஐசி, அதோட அவுட்புட்ல இருந்து இன்புட்டுக்கு (ஃபீட்பேக்) 1 கிலோஓம் ரெசிஸ்டர், மல்டிமீட்டர். வெளிச்சம் எவ்வளவோ அதுக்கேத்த வோல்ட் மீட்டர்ல வரும். 9:31 வாக்குல வளையம் முழுசானப்ப மீட்டர்ல 0.11 வோல்ட். கிரகணம் விட்டதும் 2.9. அதாவது 4 சதவீதம்கூட இல்லை! மாடியில நின்ன யாருக்கும் இருட்டின மாதிரியே தெரியலை. "வெயில் கொஞ்சம் சோகையா இருக்கு, அவ்வளவுதானே"ன்னாங்க. மீட்டரைக் காட்டினேன். அப்பா எட்டிப் பாத்துட்டு, "பேட்டரி போயிருக்கும்டா, மாத்து"ன்னார். ஆனா இன்னமும் உறுத்துறது வேற. நிலா மறைச்சது சுமார் 94 சதவீதப் பரப்பு. அப்ப 6 மிஞ்சணுமே?

லேப் அக்கா:
எங்க கல்லூரி செய்முறைத் தேர்வு. ஒரு பையனோட போட்டோடயோடு சர்க்யூட்டுக்கு ஆசிலோஸ்கோப் திரையில நேர்கோடு வரணும், அலையா வருது. ஐசியை மாத்துறான், வயரை மாத்துறான், போகலை. வெளித்தேர்வாளர் சென்சாரை உள்ளங்கையால மூடினார். அலை காணோம். கையை எடுத்து, மேலே எரிஞ்ச சோக் டியூப்லைட்டைக் காட்டி, "100 ஹெர்ட்ஸ் வருது. நம்ம கரன்ட் 50தானே?"ன்னார். பையன் டியூபையே பாத்துக்கிட்டு நின்னான். ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை பளிச்சுனு எரியுதுன்னு சொல்ல அவனுக்கு வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. முழு மார்க் வாங்கிட்டான்.

பழைய ரேடியோ:
தம்பி, அந்த 4 சதவீதத்தை வெளிச்சம்னு சொல்லாதீங்க. பிபிடபிள்யூ34 ரொம்பக் கூர்மையா பாக்குறது 900 நானோமீட்டர் அலைநீளத்துல, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புல; நம்ம கண்ணு 555-ல. குண்டு பல்பையும் அதே அளவு வெளிச்சம் தர்ற எல்இடியையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தேன். அகச்சிவப்பு நிறைய விடுற குண்டு பல்புக்கு மீட்டர் எகிறுது, எல்இடிக்குப் படுத்துருது. என் கதை அவ்வளவுதான்.
இனி கேட்டுக்கோங்க. கண்ணுக்கு ஏத்த அளவு வேணும்னா அகச்சிவப்பைத் தடுக்குற ஃபில்டர் போட்ட பிபிடபிள்யூ21 டயோடு வாங்குங்க, விலை கடிக்கும். மங்கின வெளிச்சத்துக்கு ஃபீட்பேக்ல 1 மெகாஓம் ரெசிஸ்டர் போடுறவங்க எல்எம்358 ஆப்-ஆம்ப் பக்கமே போகாதீங்க. அதோட இன்புட்ல ஓடுற கரன்ட்டே பத்துக்கணக்கான நானோஆம்பியர். 1 மெகாவுல அதுவே பத்துக்கணக்கான மில்லிவோல்ட் ஆயிடும், இருட்டுலயும் ரீடிங் காட்டும். சிஏ3140 ஆப்-ஆம்ப் போட்டா அந்தக் கரன்ட் அதைவிட ரொம்பச் சின்ன பிகோஆம்பியரோட நிக்கும். ரெசிஸ்டருக்கு இணையா சில பிகோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம், இல்லைன்னா சர்க்யூட் தானா அலையாட ஆரம்பிச்சிடும் (ஆசிலேட் ஆகும்). போர்டுல சால்டரிங் பண்ணின ஃப்ளக்ஸ் பிசுக்கு இருந்தா துடைச்சிடுங்க, அது வழியாவும் கரன்ட் கசியும். சால்டர் பண்ணாம வயர் செருகுற பிரெட்போர்டு வேண்டவே வேண்டாம்.

லேப் அக்கா:
அண்ணா, தம்பி கேட்டது இது இல்லையே. சூரியனோட நடுவைவிட விளிம்பு மங்கல். வளையத்துல மிஞ்சுனது வெறும் விளிம்பு. அதனால பரப்பு 6 இருந்தும் ஒளி 4-க்குக் கீழ. அகச்சிவப்புல அந்த மங்கல் குறைவு. நீங்க சொல்ற பிபிடபிள்யூ21-ஐ வச்சிருந்தா ரீடிங் இன்னும் கீழ போயிருக்கும்.

திண்டுக்கல் தம்பி:
அக்கா, தெளிவாயிடுச்சு. ரேடியோ அண்ணா, ஒரே சூரியன், ஒரே டயோடு. எனக்கு விகிதம் போதும், கண்ணுக்கு ஏத்த வெளிச்ச அளவான லக்ஸ் வேண்டாம். 2031 மே 21 மதுரைப் பக்கம் அடுத்த வளையம் வருது. பிபிடபிள்யூ21-ஐ உங்க கணக்குல எழுதிக்கவா?