நோட்டுஸ்வரத்தை ‘மீட்ட’ திருத்தணி பேண்டு செட்

நகரிக்காரன்: கல்யாண ஊர்வலத்தில் ‘சந்ததம் பாஹிமாம்’ வாசித்த வீடியோவைப் போட்டு, ‘பேண்டுக்காகவே முத்துஸ்வாமி தீட்சிதர் இயற்றி, இருநூறு வருஷமாக யாரும் சீண்டாத இசையை மீட்டுவிட்டோம்’ என்று திருத்தணிக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். மீட்டாராம்! அது ‘காட் சேவ் தி கிங்’ என்கிற பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு ஐயா. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி பேண்டு வாசித்ததைக் கேட்டுத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், போட்டார். மெட்டு யாருடையது? அதை மட்டும் சொல்லுங்கள்.

தணிகை கிளாரினெட்: வீடியோ போட்டவன் நான்தான். தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்த காலத்தில் கேட்ட பேண்டு இசைதான், யார் இல்லை என்றது? இப்படி மேல்நாட்டு மெட்டுப் பாணியில் அவர் போட்ட பாட்டுக்குத்தான் நோட்டுஸ்வரம் என்று பேர், முப்பதுக்கு மேல் இருக்கிறது. எல்லாம் சங்கராபரண ராகம், கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்து வளைப்பதற்கு, வேலையே இல்லை. தோடி ராகம் வாசிக்கச் சொன்னால் கிளாரினெட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு சுரத்தை வளைக்க வேண்டும். நோட்டுஸ்வரத்தில் சாவியை அழுத்தினால் சுரம் நேராக நிற்கும். ட்ரம்பெட், யூஃபோனியம் எல்லாம் சேர்ந்து ஊதலாம். பேண்டில் பிறந்தது பேண்டுக்கே திரும்பியது, உங்களுக்கு ஏன் எரிகிறது?

நகரிக்காரன்: எரியவில்லை சார், சிரிப்பு வருகிறது. மெட்டு யாருடையது?

வீணை டீச்சர்: யாரும் சீண்டாததா? என் வகுப்பில் சின்னப் பிள்ளைகள் ‘சக்தி சஹித கணபதிம்’ வாசித்துத்தான் விரலைப் பழக்குகிறார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு ‘மீட்பு’ பற்றிப் பேசியிருக்கலாம்.

தணிகை கிளாரினெட்: டீச்சர், திண்ணை வேறு, தெரு வேறு. மாப்பிள்ளை காருக்கு முன்னால் சினிமாப் பாட்டு தவிர வேறு எது ஓடும்? அங்கே ஊதிக் காட்டினோம்.

நகரிக்காரன்: ‘வந்தே மீனாக்ஷி’யும் அப்படித்தான். ‘ரேக்ஸ் ஆஃப் மல்லோ’ என்கிற அயர்லாந்து மெட்டு. ‘தீட்சிதர் இசை’ என்று போஸ்டர் அடிக்கிறீர்கள். மெட்டு யாருடையது என்று மூன்றாம் தரம் கேட்கிறேன்.

ஆடிக் காவடி: நகரி அண்ணே, ஒரு மெட்டை எடுத்து அதில் தன் கையெழுத்தான ‘குருகுஹ’ முத்திரை வைத்துப் பாட்டாக்குவது லேசா? நீங்கள் ஒன்று செய்து காட்டுங்களேன். தீட்சிதர் முதல் கீர்த்தனை ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ பாடியதே எங்கள் தணிகை மலையில். எங்கள் ஊர் பேண்டுக்கு உரிமை இல்லையா?

நகரிக்காரன்: ‘எங்கள் ஊர்’ என்று ரொம்பத் துள்ள வேண்டாம் தம்பி. 1960 வரை திருத்தணி எங்கள் ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. அப்புறம்தான் உங்களிடம் வந்தது.

ஆடிக் காவடி: சித்தூர் ஜில்லாவே 1911-ல்தான் வந்தது. தீட்சிதர் காலமானது 1835. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நகரிக்காரன்: தீட்சிதர் குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் இந்த நோட்டுஸ்வரங்களையெல்லாம் எந்த லிபியில் அச்சிட்டார்? தெலுங்கில். தமிழில் இல்லையே!

ஆடிக் காவடி: அச்சிட்டது எட்டயபுரத்தில்! அது எந்த ஜில்லா, அதுவும் உங்களுடையதா?

வீணை டீச்சர்: ஜில்லாவை விடுங்கள். வீடியோவில் சைடு டிரம்காரர் ஆரம்பத்திலிருந்தே ஓட்டமாக ஓடுகிறார். திஸ்ர நடையை, அதாவது மூன்று மூன்றாகப் போகிற தாளத்தை, ஊர்வல நடைக்குத் திருகிவிட்டார்கள். அந்தப் பாட்டு அசைந்து அசைந்து போக வேண்டும்.

தணிகை கிளாரினெட்: டீச்சர், பட்டாசுக்கு நடுவே நடந்துகொண்டே ஊதிப் பாருங்கள், அப்புறம் திஸ்ரம் பற்றிப் பேசலாம்.

நகரிக்காரன்: பேச்சை மாற்றியாகிவிட்டது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. மெட்டு யாருடையது?

தணிகை கிளாரினெட்: உங்கள் கோபம் மெட்டு மேல் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பி கல்யாணத்துக்கு செட் தாமதமாக வந்தது, அதற்குத்தானே இத்தனையும்?

நகரிக்காரன்: முகூர்த்தம் முடிந்து பந்தி பரிமாறும்போது வந்து நின்றீர்கள்! அட்வான்ஸில் ஒரு ரூபாய் திருப்பித் தரவில்லை.

ஆடிக் காவடி: ஓகோ, அப்படியா சங்கதி!

நகரிக்காரன்: அது வேறு, இது வேறு. ரசீது என்னிடம் இருக்கிறது, நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.

தணிகை கிளாரினெட்: போடுங்கள். நாசிக் டோல் மேளம் வேண்டாம், கிளாரினெட்தான் வேண்டும் என்று நீங்கள் கெஞ்சியதையும் சேர்த்துப் போடுங்கள்.