உதவி: கரண்ட் போய் வந்ததிலிருந்து மோட்டார் நிற்கவே மாட்டேன் என்கிறது, டேங்க் வழிகிறது

மடிப்பாக்கம்காரன்:
வணக்கம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், போன தடவை சுருக்கமாகக் கேட்டதற்கு எல்லாரும் "விவரம் போடு" என்று திட்டினீர்கள்.

கீழே நாங்கள், மேலே ஒரு குடித்தனம். சம்ப்பிலிருந்து (தரைக்கு அடியில் இருக்கிற தொட்டி) மொட்டைமாடி டேங்குக்கு 1 ஹெச்பி மோனோபிளாக் மோட்டார், டேங்க் 1000 லிட்டர். போன தீபாவளி லீவில் நானே ஒரு கன்ட்ரோலர் செய்து மாட்டினேன். உள்ளே நோட்எம்சியு என்கிற, வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் போர்டு (இஎஸ்பி8266), டேங்க் மூடியில் ஒலி அனுப்பித் தண்ணீர் மட்டத்தை அளக்கிற, ஈரம் தாங்கும் வகை அல்ட்ராசானிக் சென்சார், ரிச்சி தெருவில் வாங்கிய நீல நிற ஒற்றை ரிலே (போர்டு சொன்னபடி மோட்டாரைப் போட்டு நிறுத்துகிற சுவிட்ச்). பெட்டி மாடிப்படி முடிகிற இடத்தில் இருக்கிறது, அங்கிருந்து கீழே மோட்டார் வரைக்கும் வயர். தண்ணீர் குறைந்தால் போடும், நிரம்பினால் நிறுத்தும், போனிலும் பார்க்கலாம். ஐந்து மாதமாக ஒரு குறையும் இல்லை. "மோட்டார் போட்டியா, நிறுத்தினியா" என்ற பேச்சே வீட்டில் நின்றுபோயிருந்தது.

போன செவ்வாய் ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், தகர ஷீட்டில் மழை கொட்டுகிற சத்தம். மார்ச்சில் ஏது மழை என்று எழுந்து போய்ப் பார்த்தால் நம்ம டேங்க் வழிந்து பக்கத்து வீட்டுக் கார் ஷெட் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது. லாரித் தண்ணீர், அத்தனையும். மேலே ஓடி கன்ட்ரோலரின் அடாப்டரைப் பிடுங்கினேன், "டக்" என்றது, மோட்டார் நின்றது. திரும்பச் செருகினேன், மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது. பிடுங்கிப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். காலையில் செருகினாலும் அதே கதை, டேங்க் தளும்பிக்கொண்டிருக்கிறது, மோட்டார் ஓடுகிறது. ராத்திரி ஒரு மணி வாக்கில் கரண்ட் போய் வந்தது என்று அம்மா சொன்னார், அதற்கு முன்பு வரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. போனில் பார்த்தால் ஆஃப்லைன் என்று காட்டுகிறது, ஆனால் அது அவ்வப்போது அப்படிக் காட்டுகிற வழக்கம்தான்.

இப்போதைக்குப் பழைய சுவிட்சில்தான் ஓட்டம். டிவியில் வேறு ஒரு வாரமாக யூடியூப் வரவில்லை, வீட்டில் இருக்கிற மின்சாமான் எல்லாம் சேர்ந்து எனக்கு எதிராகத் தீர்மானம் போட்ட மாதிரி இருக்கிறது. என்னவாக இருக்கும்?

ரிலே ரசிகன்:
ரிலேக்குள் கரண்ட்டைச் சேர்க்கிற புள்ளி ஒட்டிக்கொண்டுவிட்டது. 1 ஹெச்பி என்றால் 746 வாட், அது மோட்டார் தண்டில் கிடைக்கிற சக்தி. லைனிலிருந்து 6, 7 ஆம்பியர் இழுக்கும், கிளம்புகிற நொடியில் அதைப்போல ஐந்தாறு மடங்கு. ரிலே மேல் 10 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பது பல்பு, ஹீட்டர் மாதிரி லோடுக்கு. மோட்டாரை நேராக அதில் மாட்டினால் ஒருநாள் இல்லை ஒருநாள் வெல்டு ஆகத்தான் செய்யும். புது ரிலே போடுங்கள், சரியாகிவிடும்.

பெரம்பூர் வயர்மேன்:
ரசிகன் சார், அவர் எழுதியதை முழுசாகப் படியுங்கள். அடாப்டரைப் பிடுங்கினால் டக்கென்று நிற்கிறதாம். ஒட்டிப்போன புள்ளி அடாப்டரைப் பிடுங்கினால் எப்படி விடும்? ரிலே சொன்ன பேச்சைக் கேட்கிறது. சொல்கிற இடத்தில்தான் கோளாறு.

ஆனால் தம்பி, ரிலேயை நேராக மோட்டார் லைனில் போட்டது தப்புதான், அதில் ரெண்டாவது பேச்சு இல்லை. அந்தச் சின்ன ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் லோடு தாங்கும் பெரிய ரிலே) இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும். இதுவரை ஒட்டாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். எதைத் தொடுவதாக இருந்தாலும் மோட்டார் லைன் எம்சிபியை (ட்ரிப் சுவிட்ச்) இறக்கிவிட்டுத் தொடுங்கள்.

வேளச்சேரி வாசி:
சென்சாரைப் பாருங்கள். எங்கள் பக்கம் போர் தண்ணீரில் இரும்பு அதிகம், மஞ்சளாகப் படியும். அதுவும் அந்த ஈரம் தாங்கும் வகைக்கு முகத்துக்கு முன்னால் 20, 25 சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. தண்ணீர் அதற்குள் ஏறிவிட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும், கன்ட்ரோலர் டேங்க் காலி என்று நினைத்து மோட்டாரைப் போட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு ஒரு பொங்கல் அன்று இப்படித்தான் ஆனது.

மடிப்பாக்கம்காரன்:
பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. எம்சிபியை இறக்கிவிட்டு ரெண்டையும் சோதித்துவிட்டேன். பவர் இல்லாதபோது மீட்டர் வைத்துப் பார்த்தால் ரிலே திறந்துதான் இருக்கிறது, வயர்மேன் அண்ணா சொன்னது சரி. சென்சாரை வழியும் குழாய்க்கு 30 சென்டிமீட்டர் மேலே வைத்திருக்கிறேன், முகத்தைத் துடைத்தும் பார்த்தேன். சந்தேகத்துக்குச் சென்சார் வயரையே கழற்றிவிட்டுப் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்தேன். சென்சாரிலிருந்து பதில் வராவிட்டால் மோட்டாரை நிறுத்து என்று நான்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் ரிலே இழுத்துக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்று. இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது அம்மா வந்து, "கரண்ட் வந்தாலே அது ஒரு தடவை உறுமிட்டுத்தானேடா நிக்கும், அப்பவே சொன்னேன்" என்றார். சொல்லியிருக்கிறார், உண்மைதான். நான்தான் மேல்வீட்டு வாஷிங் மெஷின் சத்தமாக இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தயிர்சாதம்:
உங்கள் அம்மாவிடம் முதலிலேயே கேட்டிருக்கலாம். மூன்று கேள்வி.

உங்கள் புரோகிராமில் ஸ்டார்ட் ஆனவுடன் ஓடுகிற பகுதியில் எது முதலில், எது பிறகு? வரிசையாகச் சொல்லுங்கள். உங்கள் ரிலே, போர்டிலிருந்து கட்டளை வருகிற பின்னில் (வயர் மாட்டுகிற கால்) 0 வோல்ட் வந்தால் இழுக்கிற, அதாவது மோட்டாரைப் போடுகிற வகையா, 3.3 வோல்ட் வந்தால் இழுக்கிற வகையா? கடைசியாக, டிவியில் யூடியூப் எந்த நாளிலிருந்து வரவில்லை?

மடிப்பாக்கம்காரன்:
டிவிக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சனிக்கிழமையிலிருந்து. ரீசார்ஜ் முடிந்திருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன், ஆனால் என் போனில் நெட் நன்றாகத்தான் வருகிறது.

ரிலே 0 வோல்ட்டுக்கு இழுக்கிற வகை. புரோகிராமில் முதல் வரி ரிலே மாட்டியிருக்கிற டி1 பின்னை அவுட்புட் ஆக்குவது. அடுத்தது வைஃபையைக் கூப்பிடுவது. அப்புறம் ஒரு வைல் லூப், வைஃபை கிடைக்கிற வரைக்கும் புள்ளி புள்ளியாகப் பிரின்ட் செய்துகொண்டு காத்திருக்கும். கிடைத்த பிறகு, திரும்பத் திரும்ப ஓடுகிற லூப் பகுதிக்குள் போய் சென்சாரைப் படித்து ரிலேயைப் போடுவது, நிறுத்துவது எல்லாம். ஒரு வீடியோவைப் பார்த்து எழுதியதுதான், எல்லாரும் இப்படித்தானே எழுதுகிறார்கள்?

தயிர்சாதம்:
எழுதுகிறார்கள். பல்பு எரிய வைக்கிறவர்கள் எழுதினால் பரவாயில்லை.

பின்னை அவுட்புட் ஆக்கினீர்கள், அதில் என்ன இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அது 0. உங்கள் ரிலேக்கு 0 என்றால் "இழு". அதாவது போர்டு கண் விழிக்கிற அந்த நொடியே மோட்டார் ஓட ஆரம்பித்துவிடும், அதற்குப் பிறகுதான் போர்டு வைஃபையைத் தேடவே போகும். சாதாரண நாளில் சில நொடியில் வைஃபை கிடைத்து, லூப்புக்குள் நுழைந்து, டேங்க் நிரம்பியிருக்கிறது என்று பார்த்து மோட்டாரை நிறுத்திவிடும். உங்கள் அம்மா கேட்ட உறுமல் அதுதான். ரவுட்டர் இன்வெர்ட்டரில் இருக்கிறது என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் உறுமல் இன்னும் நீளமாக இருந்திருக்கும்.

வைஃபை கிடைக்கவே கிடைக்காவிட்டால்? புள்ளி போட்டுக்கொண்டே விடிய விடிய நிற்கும். சென்சாரை ஒரு தடவைகூடப் படிக்காது. அதனால்தான் வயரைக் கழற்றினாலும் அதற்குக் கவலையில்லை.

ஆக கேள்வி மோட்டார் ஏன் ஓடுகிறது என்பது இல்லை, வைஃபை ஏன் கிடைக்கவில்லை என்பது. டிவிக்கும் சனிக்கிழமையிலிருந்து கிடைக்கவில்லை. போனுக்குக் கிடைக்கிறது. சனிக்கிழமை யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார்கள், உங்கள் போனில் மட்டும் புதியதைப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் விசாரியுங்கள். மாற்றிய பிறகும் செவ்வாய் வரை கன்ட்ரோலர் ஒழுங்காக ஓடியது, ஏனென்றால் அது ஏற்கெனவே லூப்புக்குள் இருந்தது, அங்கே வைஃபை இல்லாவிட்டாலும் சென்சாரைப் பார்த்து வேலை நடந்துவிடும். கரண்ட் போய் வந்ததும்தான் முதலிலிருந்து ஆரம்பித்து மாட்டிக்கொண்டது.

ரிலே ரசிகன்:
நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மடிப்பாக்கம்காரன்:
சார், கையைக் கொடுங்கள்.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலே போய்ப் பார்த்தேன். திரை முழுக்கப் புள்ளி. கோலம் போட்ட மாதிரி வரிவரியாகப் புள்ளி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

கீழே வந்து மனைவியிடம் கேட்டேன். "ஆமா, மாத்தினேன்" என்றார், தோசையைத் திருப்பிக்கொண்டே. பையனுக்கு பிளஸ் டூ பரீட்சை, ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது, அதனால் சனிக்கிழமை மாற்றியிருக்கிறார். என் போனில் நான் குளிக்கப் போனபோது புதுசைப் போட்டுவிட்டாராம், "உங்களுக்குச் சொன்னா அவனுக்குச் சொல்ற மாதிரி" என்றார். மறுக்க முடியவில்லை. டிவியில் வேண்டுமென்றேதான் போடவில்லையாம். இந்த வீட்டில் ஒரு வாரமாக ரீசார்ஜ் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான்.

சரி, புரோகிராமில் என்ன மாற்றவேண்டும்? பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் அடுத்த தடவை இவர் மாற்றும்போது திரும்பவும் தகர ஷீட்டில் மழைதான்.

தயிர்சாதம்:
ரிலே பின்னை அவுட்புட் ஆக்குவதற்கு முந்தின வரியிலேயே அதை ஹை, அதாவது 3.3 வோல்ட், ஆக்கிவிடுங்கள். முந்தின வரியில், பிந்தின வரியில் இல்லை. அப்போதுதான் இடையில் கண்ணிமைக்கிற நேரம்கூட இழுக்காது. அப்புறம் அந்த வைல் லூப்பைத் தூக்கிவிடுங்கள். வைஃபையைக் கூப்பிட்டுவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அது கிடைக்கிறபோது கிடைக்கட்டும். தண்ணீர் ஏற்றுவதற்கு இன்டர்நெட் எதற்கு?

பெரம்பூர் வயர்மேன்:
நல்லாச் சொன்னீர்கள் சார். நான் ரெண்டு சேர்க்கிறேன்.

தம்பி, உங்கள் டேங்க் காலியிலிருந்து நிரம்ப எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். 25 நிமிஷம் என்றால், சென்சார் என்ன சொன்னாலும் 40 நிமிஷத்துக்கு மேல் ஓடக்கூடாது என்று எழுதிவிடுங்கள். இது டேங்க் வழியாமல் இருக்க மட்டும் இல்லை. சம்ப் காலியாகி மோட்டார் வெறும் காற்றை இழுத்தால் சீல் சூடாகிப் போய்விடும், அப்புறம் தண்டு வழியாக ஒழுகும். லாரி வராத கோடையில் இந்தக் கேஸ்தான் எனக்கு அதிகம் வரும். முடிந்தால் சம்ப்பிலும் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் போடுங்கள், அடியில் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே வெட்டிவிடும்.

ரெண்டாவது, பழைய சுவிட்சைக் கழற்றிவிடாதீர்கள். ஆட்டோ, மேனுவல் என்று ஒரு மாற்று சுவிட்ச் கீழேயே, கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கவேண்டும். உங்கள் பெட்டி மக்கர் செய்தால் ராத்திரி ரெண்டரைக்கு அம்மா மொட்டைமாடி ஏறமுடியுமா?

ரிலே ரசிகன்:
கான்டாக்டர் போடும்போது அதன் காயிலுக்குக் (உள்ளே இருக்கிற கம்பிச் சுருள்) குறுக்கே ஒரு ஸ்னப்பர் (மின் உதையை அடக்குகிற சின்னச் சுற்று) போடுங்கள். 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை கப்பாசிட்டரும் தொடராக. இல்லாவிட்டால் காயில் விடுபடும்போது கிளம்புகிற உதையில் போர்டு ரீசெட் ஆகும், அப்புறம் "மோட்டார் நின்றதும் கன்ட்ரோலர் சாகிறது" என்று இன்னொரு இழை தொடங்குவீர்கள். இந்தத் தடவை நான் சொல்வது சரி.

மடிப்பாக்கம்காரன்:
முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போயிற்று. கான்டாக்டர், ஸ்னப்பர், கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஆட்டோ மேனுவல் சுவிட்ச், 35 நிமிஷக் கெடு (எங்கள் டேங்க் 22 நிமிஷத்தில் நிரம்புகிறது), புரோகிராமில் தயிர்சாதம் சார் சொன்ன ரெண்டு மாற்றமும். சம்ப் ஃப்ளோட் மட்டும் பாக்கி. பக்கத்து வீட்டுக்காரர் ஷெட் பக்கமாக நின்று நான் வயர் இழுப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன். புது பாஸ்வேர்டைப் புரோகிராமில் போடவேண்டும் அல்லவா, சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு தட்டினேன். பையன் பின்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். ஒரு டம்ளர் தண்ணீரை அவன் இவ்வளவு நேரம் குடித்து நான் பார்த்ததில்லை.

திங்கள் காலை மனைவி பாஸ்வேர்டை மறுபடி மாற்றிவிட்டார். இந்தத் தடவை என் போனிலும் போடவில்லை, இதை மொபைல் டேட்டாவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போய் அரை மணியில் வந்தது. அம்மா ஹாலில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இன்னிக்கு உறுமலையே" என்றார்.